ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு

…ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சைத்தான் போட்டிருக்கிறேன், சந்தேகமே வேண்டாம், இதோ இந்தச் செருப்புப் பையின் வாயை அதே நைலோன் கயிற்றின் மிச்சத் துண்டால் கட்டிவிட்டு நுனியை விரலால் சும்மா ஒரு தொடு தொட்டேன், முடிச்சு அப்படியே உருவிக்கொண்டு போய்விட்டது, பை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது, பதினான்கு டீச்சர்மாரின் இருபத்தெட்டுச் செருப்புகளும் உள்ளேயிருந்து என்னைப் பார்க்கின்றன, அப்படியானால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் றலியா டீச்சரின் இடுப்பில் நான் கட்டியது என்ன முடிச்சு… அதேதான், அதே கயிறு, அதே கை, அது வேறு எதைக் கட்டியிருக்கும், நான் எங்கே பார்த்துக் கட்டினேன், வாய் ஏதோ பேசிக்கொண்டிருந்தது, கை தன்பாட்டில் கட்டியது, இப்போது அந்த டீச்சர் மஞ்சள் கயாக்கில் முன்னால் உட்கார்ந்து ஆற்றின் நடுவில் துடுப்பைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார், அவருடைய லைஃப் ஜாக்கெட்டின் இடுப்பைப் பிடித்திருப்பது கிளிப் இல்லை, என் முடிச்சு, நுனி எதிலாவது மாட்டி இழுபட்டால் போதும், அல்லது இது என்ன தொங்குகிறது என்று அவரே இழுத்துப் பார்த்தால் போதும். மணி பத்தேகால். அவர்கள் திரும்பி வருவது பதினொன்றுக்கு.

கஜலட்சுமி, நீ இங்கே எதற்கு இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன், ஜாக்கெட் கட்டத்தான் இருக்கிறேன், வேறு ஒரு வேலையும் எனக்கு இங்கே இல்லை. குண்டசாலைக்குக் கீழே மகாவலியின் ஓரத்தில் டக்ளஸ் சேர் இந்தப் போட் இடத்தைத் தொடங்கிய புதிதில் குடும்பம் குடும்பமாக வந்த பெண்கள் எல்லோரும் ஜாக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு சிலையாக நிற்பார்களாம், பட்டியை இறுக்க ஓர் ஆண் கிட்டே வந்தால் எட்டடி பின்னால் போவார்களாம், சிலர் தாங்களே தொளதொளவென்று மாட்டிக்கொண்டு ஏறிவிடுவார்களாம், அப்படித்தான் அவர் முன்பு வேலை செய்த ஹோட்டலில் தரை துடைத்துக்கொண்டிருந்த என்னை ஞாபகம் வந்து கூப்பிட்டார், நான்கு வருடமாகிறது. எனக்கு நீந்தத் தெரியாது, அதை அவரும் ஒருநாளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் ஜாக்கெட்டைப் பற்றி எனக்குத் தெரியும், மார்பில் ஒரு கிளிப், இடுப்பில் ஒரு கிளிப், பார்க்கிறவர்களுக்கு மார்புக் கிளிப்தான் பெரிதாகத் தெரியும், உண்மையில் ஆளைக் காப்பாற்றுவது இடுப்பு, இடுப்பு இறுகாவிட்டால் தண்ணீரில் விழுந்த அடுத்த நிமிடம் ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும், ஆள் கீழே இறங்குவார், அது காதுவரை ஏறி முகத்தை மூடும், பதறிக் கையைத் தூக்கினால் தலைக்கு மேலால் கழன்று போய்விடும். தோள்பட்டையில் இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும், ஜாக்கெட் ஏறி வாய்க்குக் கீழே நாடியைத் தொட்டால் பிழை, இது முதல்நாள் பாடம். றலியா டீச்சருக்குத் தூக்கிப் பார்த்தேனா… பார்த்தேன், நாடிக்கு வரவில்லை, நன்றாகத்தான் பிடித்திருந்தது, அந்த முடிச்சு பிடிக்கும்போது நன்றாகத்தான் பிடிக்கும், ஒரு குறையும் சொல்ல முடியாது, அவிழும்போதுதான் ஒரேயடியாக அவிழும்.

பதினெட்டு வருடம் இந்த முடிச்சை இடுப்பில் கட்டியிருக்கிறேன் அல்லவா, ஹந்தானையில் கொழுந்து எடுத்த காலம் முழுக்க, காலையில் மலைக்கு ஏறுமுன் சேலைக்கு மேலால் படங்குத் துணியைச் சுற்றிக் கயிற்றால் ஒரு கட்டு, பனியும் தேயிலைக் குச்சியும் உடம்பில் படாமல் இருக்க, அந்தக் கட்டு இறுக்கமாகவும் இருக்க வேண்டும், நுனியைத் தொட்டால் விழவும் வேண்டும், ஏனென்றால் குளவி. குளவி கலைந்தால் கூடையை உதறு, நுனியை இழு, படங்கு காலடியில் விழும், ஓடு, இவ்வளவுதான், இதை யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை, பக்கத்து நிரையில் நின்ற ராக்கம்மா ஒருநாள் மழைக்கு நனைந்த கயிற்றை இறுக்கி முட்டுமுடிச்சாகப் போட்டிருந்தாள், குளவி வந்தபோது எல்லோரும் ஓடினோம், அவளும் ஓடினாள், படங்கு முழங்காலில் சுற்றிக்கொண்டது, விழுந்தாள், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் முகமே தெரியாமல் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு எங்கள் மலையில் ஒருத்தியும் முட்டுமுடிச்சுப் போடவில்லை, கல்யாண வீட்டில் வாழைமரம் கட்டினாலும், பசுமாட்டைக் கட்டினாலும், மாவு மூட்டையைக் கட்டினாலும் இதே முடிச்சுத்தான், மாடு ஊர் சுற்றிவிட்டு வரும், திட்டிக்கொண்டே மறுபடியும் இதே முடிச்சைப் போடுவோம். உயிரைக் காப்பாற்ற என்று பழகிய கை இது, அதற்கு இடம் மாறியது தெரியவில்லை, இங்கே அவிழாமல் இருப்பதுதான் உயிர் என்று அதற்கு யார் சொன்னார்கள். எனக்குச் சொன்னார்கள், நான்கு வருடமாக நான்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன், கைக்கு எட்டவில்லை.

அந்த ஜாக்கெட்டை நான் தொட்டிருக்கவே கூடாது. சனிக்கிழமை இடுப்புக் கிளிப் உடைந்தபோதே டக்ளஸ் சேர் அதைத் தனி ஆணியில் மாட்டி, “அக்கா, இத யாருக்கும் குடுக்காதீங்க, டவுனுக்குப் போய் கிளிப் வாங்கிட்டு வாற வரைக்கும் இங்கேயே கெடக்கட்டும்” என்றார், நானும் சரி சேர் என்றேன், நான் எதற்குத்தான் சரி சொல்லவில்லை. இன்றைக்கு வந்தது பதினான்கு பேர், ஏழு போட்டும் நிறைந்தது, பெண்களுக்கு உள்ள ஜாக்கெட் பதின்மூன்றுதான், ஆம்பிளைகளுக்கானது ஒன்றை மாட்டிப் பார்த்தேன், றலியா டீச்சர் மெலிந்த ஆள், அது அவருக்கு முன்னும் பின்னும் ஆடியது, எவ்வளவு இறுக்கினாலும் நாடிக்கு வந்தது, கழற்றினேன், மற்றவர்கள் எல்லோரும் போட்டில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், மஞ்சள் போட்டில் பின்னால் உட்கார்ந்திருந்த சின்ன டீச்சர் ஆஸிகா, வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, இவர் என்னிடம் மெதுவாக, “எனக்கு இல்லாட்டி பரவாயில்லக்கா, நான் இங்க ஈக்கிறன், செருப்பப் பாத்துக்கொண்டு ஈக்கிறன்” என்றார். அந்தக் குரல்தான் என்னைக் கெடுத்தது. கோபமாகக் கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன், விட்டுக் கொடுத்துப் பழகிய குரல் அது, பந்தியில் கடைசியாக உட்காருகிறவளின் குரல், எனக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும், என் வாயிலிருந்தே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இன்றைக்காவது இவர் போகட்டும் என்று நினைத்தேன், ஆணியில் இருந்ததை எடுத்தேன், கயிற்றைக் கொளுவிக் கட்டினேன், “இறுக்கமா இருக்கா டீச்சர்” என்றேன், “சரியா ஈக்கி அக்கா” என்றார், தள்ளிவிட்டேன், எல்லாம் இரண்டு நிமிடம். காலையில் மூன்றரைக்கு எழும்பியவள் நான், எங்கள் தோட்டத்து லயத்துப் பைப்பில் தண்ணீர் அந்த நேரத்துக்குத்தான் ஒரு மணித்தியாலம் வருகிறது, பதினொரு வாளி நிரப்பி, சமைத்து, வீட்டுக்காரர் இரவுக் காவல் முடிந்து வந்து சாப்பிடுவதற்கு மூடி வைத்துவிட்டு, மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ் மாறி இங்கே வந்து சேரும்போதே ஒருநாள் முடிந்துபோனது மாதிரி இருக்கும், ஏப்ரல் லீவு தொடங்கியதிலிருந்து ஒரு நாளும் ஓய்வில்லை, இன்று எத்தனையாவது நாள் என்று எண்ணிப் பார்க்கவும் அலுப்பாக இருக்கிறது. இதையெல்லாம் ஒரு காரணமாகச் சொல்லலாமா… தண்ணீரில் விழுந்தவரிடம் போய் நான் மூன்றரைக்கு எழும்பினேன் என்று சொல்லலாமா.

கழுத்தில் விசில் தொங்குகிறது, ஊதினால் முடிந்தது. டக்ளஸ் சேர் முன்னால் சிவப்புப் போட்டில் வழி காட்டிக்கொண்டு போகிறார், அவருடைய போன் இங்கே கொட்டிலில் சார்ஜில் கிடக்கிறது, கூப்பிட வேறு வழி கிடையாது, ஒரு நீள விசில் என்றால் என்னைப் பாருங்கள், மூன்று விசில் என்றால் எல்லோரும் கரைக்கு, இந்த நான்கு வருடத்தில் ஒருநாளும் நான் மூன்று ஊதியதில்லை. ஊது, எதற்கு நிற்கிறாய்… கொஞ்சம் பொறு, யோசித்துப் பார், பதினான்கு பேரும் இன்றைக்குத்தான் முதல்முறையாகத் துடுப்புப் பிடித்தவர்கள், அதைப் பெடல் என்று சொல்கிறவர்கள், பின்னாலிருந்து திடீரென்று விசில் கேட்டால் பதினான்கு தலையும் ஒரே நேரத்தில் திரும்பும், உடம்பும் சேர்ந்து திரும்பும், அப்படித் திரும்பும்போதுதான் கயாக் கவிழும், சிலர் எழும்பியே நிற்பார்கள், எழும்பாதீங்க எழும்பாதீங்க என்று நூறு தரம் சொன்னாலும் பயம் வந்தால் மனிசருக்கு முதலில் எழும்பத்தான் தோன்றுகிறது. இப்போது றலியா டீச்சர் நிதானமாக உட்கார்ந்திருக்கிறார், போட் ஆடவில்லை, ஆற்றிலும் இழுவை இல்லை, சும்மா இருந்தால் பதினொன்றுக்குத் தானாக வந்து சேர்ந்துவிடுவார், நானே விசிலை ஊதி அவரைக் கவிழ்த்து, அவிழும் முடிச்சோடு தண்ணீருக்குள் தள்ள வேண்டுமா. நல்ல நியாயம். மிகவும் நல்ல நியாயம். டக்ளஸ் சேரே கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார். ஆனால் இந்த நியாயம் எனக்கு எப்போது தோன்றியது, விசிலைத் தொட்ட பிறகா, தொடுவதற்கு முன்னாலா, அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. ஊதினால் எல்லோரும் வருவார்கள், ஏன் ஊதினாய் என்று கேட்பார்கள், ஆணியில் இருந்த ஜாக்கெட் எங்கே என்று சேர் பார்ப்பார், அதற்குப் பிறகு எனக்கு இங்கே வேலை இருக்குமா, மறுபடியும் ஹோட்டல் தரையா, மறுபடியும் மலையா, இந்த முழங்காலை வைத்துக்கொண்டா. இவ்வளவும் அந்த நியாயத்துக்குள்ளே ஒளிந்துகொண்டுதான் இருக்கிறது, நான் ஒன்றும் பச்சைப் பிள்ளை இல்லை, எனக்குத் தெரிகிறது.

பத்து இருபத்திரண்டு. மகாவலி இந்த இடத்தில் ஓடுகிற மாதிரியே தெரியாது, ஒரு பெரிய குளம் மாதிரி அசையாமல் கிடக்கும், கரையில் நிற்கிறவர்கள் இதுக்கு எதுக்கு ஜாக்கெட் என்று சிரிப்பார்கள், மேலே எங்கோ மழை பெய்தால்தான் அதன் குணம் தெரியும், இங்கே நல்ல வெயில் எறிக்கும், தண்ணீர் மட்டும் பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறும், ஒரு முழம் ஏறும், குப்பையும் கொப்பும் வரும். இன்றைக்கு என்ன நிறம்… பச்சைதான், கொஞ்சம் கலங்கல் மாதிரியும் இருக்கிறது, நான் பயத்தில் பார்க்கிறேனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. கொட்டிலில் மூன்று மொழியிலும் விதிகள் எழுதிய பலகை தொங்குகிறது, அதில் தமிழில் “கவிழ்ந்தால் படகை விடாதீர்கள்” என்று இருக்க வேண்டியது, எழுதியவர் முதல் சொல்லை விழுங்கிவிட்டார், வெறுமனே “படகை விடாதீர்கள்” என்று நிற்கிறது, அதை வாசித்துவிட்டு படகு விடக்கூடாதென்றால் எதுக்குக் காசு வாங்குறீங்க என்று கேட்காத தமிழ்க் குடும்பமே இல்லை, நானும் சிரித்துச் சிரித்து விளக்கம் சொல்வேன், கவிழ்ந்தால் கரைக்கு நீந்தப் போகாதீங்க, போட்டைப் பிடிச்சிக்கிட்டே இருங்க, போட் தாழாது, நாங்க வருவோம். நாங்கள் வருவோம் என்று எவ்வளவு இலகுவாகச் சொல்கிறேன், நீந்தத் தெரியாதவள். றலியா டீச்சருக்கு இதைச் சொன்னேனா, அவர் கடைசியாக அல்லவா ஏறினார், மற்றவர்களுக்குச் சொன்னபோது ஜாக்கெட் இல்லாமல் ஒதுங்கி நின்றார், கேட்டிருப்பாரா, தனக்கு இல்லை என்று நினைத்தவர் எதற்குக் காது கொடுத்துக் கேட்கப்போகிறார்.

மஞ்சள் போட் பின்தங்கிவிட்டது. மற்ற ஆறும் சேருக்குப் பின்னால் ஒரு கூட்டமாகப் போகின்றன, இது மட்டும் நேராகப் போகத் தெரியாமல் ஒரு பக்கமாக இழுபடுகிறது, ஆஸிகா போனைத் தூக்கிப் படம் எடுக்கிறது என்று நினைக்கிறேன், துடுப்பு மடியில் கிடக்கிறது, முன்னால் இருப்பவர் மட்டும் தனியாகப் போட்டால் போட் வட்டம்தான் போடும், அதுவும் அக்கரைப் பக்கமாக, அக்கரையில் மூங்கில். மூங்கில் பக்கம் போகாதீங்க என்பதுதான் டக்ளஸ் சேரின் பெரிய விதி, தண்ணீர் மூங்கிலுக்குள்ளால் புகுந்து போய்விடும், போட் புகாது, குறுக்கே மாட்டிக்கொண்டு அமுக்குப்படும், கொப்புகள் கழுத்துக்கும் கைக்கும் வந்து விழும், எது தொங்கினாலும் பிடித்து இழுக்கும். எது தொங்கினாலும். கயிற்று நுனி நான்கு விரல் நீளத்துக்குத் தொங்குகிறது, நான்தான் வேண்டுமென்று நீளமாக விட்டேன், அப்படி விட்டால்தானே இழுக்க வசதி. சேர் திரும்பிப் பார்ப்பார், அவர் அடிக்கடி திரும்பி எண்ணுகிறவர், இப்போது பார்ப்பார்… பார்க்கவில்லை, பிரின்சிபல் மேடம் ஏதோ கேட்க அவருக்குத் துடுப்பைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், பிளாஸ்டிக் பல்லில் படுகிறது, இன்னும் ஒரு நிமிடம் பார்ப்போம், தானாகத் திரும்பிவிடுவார்கள், ஒரு நிமிடம், இன்னும் ஒன்று, மஞ்சள் நிறத்தில் பாதி மூங்கில் நிழலுக்குள் போனது, மற்றப் பாதியும் போனது, இப்போது ஒன்றும் தெரியவில்லை, பச்சைதான் தெரிகிறது.

ஊதினேன். யோசித்து ஊதவில்லை, நீளமாக ஒன்று, சத்தம் அக்கரையில் முட்டித் திரும்பி வந்தது, எல்லாத் தலையும் திரும்பின, ஒரு போட் ஆடியது, கவிழவில்லை, பிறகு மூன்று, பிறகு எண்ணாமல் ஊதிக்கொண்டே இருந்தேன், கையை மூங்கில் பக்கம் நீட்டி நீட்டி, செருப்புக் கால் தண்ணீருக்குள் இறங்கியது கூடத் தெரியவில்லை. டக்ளஸ் சேர் ஒரே மூச்சில் சிவப்புப் போட்டைத் திருப்பி அங்கே பாய்ந்தார். அவர் போய்ச் சேருமுன்பே மூங்கில் கொப்பை விலக்கிக்கொண்டு மஞ்சள் மூக்கு வெளியே வந்தது, றலியா டீச்சர் துடுப்பின் நுனியால் கரையை ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார், ஆஸிகா குனிந்து தலையில் விழுந்த சருகைத் தட்டிக்கொண்டிருந்தது, இருவருமே சிரித்தார்கள். அழுகை வந்தது, ஆனால் அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது, அதனால் அது அப்படியே நின்றுவிட்டது.

ஏழு போட்டும் முட்டி மோதிக் கரைக்கு வந்தன, அவசரத்தில் பிரின்சிபல் மேடம் இறங்கும் முன்பே எழும்பி நின்று முழங்கால் தண்ணீரில் விழுந்தார், ஜாக்கெட் அவரை ஒரு பந்து மாதிரித் தூக்கி வைத்திருந்தது, டீச்சர்மார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், இன்னும் அரை மணித்தியாலம் இருக்கே, காசு குடுத்தது முக்கால் மணிக்கல்லவா என்று யாரோ கேட்டார்கள். டக்ளஸ் சேர் நேராக என்னிடம் வந்தார். “என்னக்கா, ஏன் மூணு ஊதினீங்க” என்றார், கோபமாகக் கேட்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. “அந்த டீச்சருக்கு ஒடஞ்ச ஜாக்கெட்டத்தான் குடுத்தேன் சேர், கயித்தால கட்டிவிட்டேன், முடிச்சு பெலமில்ல, அவுந்திரும்” என்றேன். அவர் ஆணியைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், மூங்கிலைப் பார்த்தார், பிறகு ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எப்ப தெரிஞ்சிச்சு ஒங்களுக்கு” என்றார். “இப்பதான் சேர்” என்றேன். எவ்வளவு சுத்தமாக வந்தது அந்தப் பொய், மற்றதெல்லாம் உண்மையாகச் சொன்னதால் இதுவும் உண்மை மாதிரியே ஒலித்தது, நானே நம்பிவிடுவேன் போலிருந்தது. “பின்னேரம் பேசுவோம்” என்று சொல்லிவிட்டு டீச்சர்மாரைச் சமாதானப்படுத்தப் போனார், அவருக்கும் களைப்பு, போன மாதம் முழுக்க அவரும் ஒருநாள் வீட்டில் இருந்ததில்லை.

கொட்டிலுக்குள் ஒவ்வொருவராக வந்து ஜாக்கெட்டைக் கழற்றினார்கள், நான் வாங்கி வாங்கி மாட்டினேன், றலியா டீச்சர் வழக்கம்போலக் கடைசியாக நின்றார், கிட்டே வந்ததும் எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, இடுப்பைப் பார்த்தேன், கயிற்று நுனியைத் தேடி இழுத்தேன். வரவில்லை. மறுபடியும் இழுத்தேன், இறுகியது, குனிந்து பார்த்தேன், என் முடிச்சு அங்கே இல்லை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று முட்டுமுடிச்சு, தண்ணீரில் நனைந்து கல்லாகப் போயிருந்தது, நகத்தால் கிண்டினாலும் அசையாது. அவர் கூச்சப்பட்டுச் சிரித்தார். “நான்தானக்கா திரும்ப முடிஞ்சன். தள்ளிவிட்ட ஒடனேயே அது அவுந்துட்டு” என்றார். எப்போது என்றேன். “கரையில இருந்து பத்தடிகூட வரல்ல. ஒங்கள கூப்பிடோணும் எண்டுதான் திரும்பினன். நீங்க செருப்புப் பேக்கையும் தூக்கிக்கொண்டு நிண்டீங்க, ஒங்கட மொகத்தப் பாத்தன்… அவ்வளவு களச்சிப் போய் ஈந்தீங்க அக்கா. பாவம், இவங்கள திருப்பியும் என்னத்துக்குக் கஷ்டப்படுத்துற எண்டு நானே முடிஞ்சிக்கொண்டன்.” சொல்லிவிட்டு என் கையை ஒருமுறை பிடித்து அமுக்கினார், அவர் கை குளிர்ந்திருந்தது, நான் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தேன், அவர் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

அப்படியானால் நான் அந்தப் பையைக் கட்டத் தொடங்கும் முன்பே, ஒன்றும் தெரியாமல் நின்ற நேரத்திலேயே, அது அவிழ்ந்து, அவர் தனியாக, ஆடுகிற போட்டில் துடுப்பை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் கட்டியிருக்கிறார், கவிழ்ந்திருந்தால் அந்த நேரம்தான் கவிழ்ந்திருக்கும், நான் பத்தடி தூரத்தில் அவரைப் பார்த்தபடியே நின்றிருக்கிறேன். ஒரு வார்த்தை, அக்கா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் இறங்கிப் போய்ப் பிடித்திருப்பேன், தண்ணீர் அங்கே இடுப்புக்கு மேல் இல்லை. கூப்பிடத்தான் திரும்பியிருக்கிறார். என் முகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நான் எவ்வளவு களைத்திருக்கிறேன் என்று இத்தனை வருடத்தில் யாரும் பார்த்ததில்லை, என் வீட்டுக்காரர் கூடப் பார்த்ததில்லை, காலையில் நான் போகும்போது அவர் வருகிறார், முகத்தைப் பார்க்க நேரமேது, இன்றைக்கு ஒருத்தர் பார்த்தார், பார்த்து இரங்கினார், அந்த இரக்கத்தால் சாகப் போனார். இதற்குச் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா, எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தது, இரண்டுக்கும் நடுவில் கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எத்தனை பேர் இதற்கு முன்னால் இப்படித் திரும்பிப் பார்த்திருப்பார்கள், பட்டி குத்துகிறது, கிளிப் சரியாக விழவில்லை, பயமாக இருக்கிறது, நான் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்துவிட்டுச் சரி என்று ஏறியிருப்பார்கள்.

பதினொன்றுக்கு வத்தேகமவிலிருந்து ஒரு குடும்பம் வந்துவிட்டது, ஐந்து பேர்தான், ஜாக்கெட் போதும், உடைந்ததை மடித்து என் பைக்குள்ளேயே வைத்துப் பூட்டினேன். முதலில் ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், கையிரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள், மார்புக் கிளிப்பைப் போட்டேன், இடுப்புக் கிளிப் டக்கென்று விழுவதைக் காதால் கேட்டேன், பட்டியை இழுத்தேன், தோளில் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன், நாடிக்கு வரவில்லை. ஒரு விரல் போகுமா என்று பட்டிக்குள் விரலை விட்டேன், போனது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, சிரித்துப் பார்த்தேன், கன்னம் வலித்தது. “இறுக்கமா இருக்காம்மா, தொளதொளன்னு இருக்கா, எதுன்னாலும் சொல்லுங்க” என்றேன். அவள் ஒரு கணம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இல்லக்கா, சரியா இருக்கு” என்றாள். சரியாக இருப்பதால் சொல்கிறாளா, என்னைப் பார்த்துச் சொல்கிறாளா… “சும்மா சொல்லுங்க” என்றேன். “சரிதான் அக்கா” என்றாள்.